புதுக் கேமிங் கொம்பியூட்டருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்ட்? வன்னியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பெடியளும் அவர்களுடைய தாய் தகப்பன்மாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். யூடியூப்பில் வெள்ளைக்காரரும் இந்தியாக்காரரும் சொல்கிற பதில்கள் எங்களுக்குப் பாதிதான் பொருந்தும். அவர்களுக்குக் கார்ட் பழுதானால் அடுத்த தெருவில் மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு அது கொழும்புக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். பின்னேரமானால் ஊரில் வோல்டேஜ் இறங்கும். கோடையில் அறையே அவிந்துகொண்டிருக்கும். இவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் கார்ட் எடுக்க வேண்டும்.

கையில இவ்வளவு காசு இருக்கு, எந்தக் கார்ட் எடுக்கலாம்?

காசைச் சொல்லுமுன் மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன கேம் விளையாடப் போகிறீர்கள்? மொனிட்டர் எது? பவர் சப்ளை எது?

வலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 போன்றவற்றுக்குப் பெரிய கார்ட் தேவையே இல்லை. புதுசாக வருகிற பெரிய கதை விளையாட்டுகள்தான் கார்ட்டைப் பிழிந்தெடுக்கும்.

மொனிட்டரைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 1920 × 1080 திரையில் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். 2560 × 1440 திரையில் 37 இலட்சம். 4கே என்றால் 83 இலட்சம். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளியையும் கார்ட்தான் கணக்குப் போட்டு வரைய வேண்டும். வீட்டில் இருப்பது 60 ஹேர்ட்ஸ் 1080 மொனிட்டர் என்றால், செக்கனுக்கு 60 படத்துக்கு மேல் கார்ட் வரைவதை அந்தத் திரை காட்டப்போவதில்லை. அப்படியான மொனிட்டரோடு ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் கார்ட் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதில் ஒரு பங்கை மொனிட்டருக்கும் பவர் சப்ளைக்கும் ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும்.

கார்ட்டே இல்லாமல் தொடங்கேலாதா?

ஏலும். காசு மட்டுமட்டாக இருந்தால் நான் முதலில் சொல்லுவது இதைத்தான். ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்ற புரொசெசர்களுக்குள் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. வலரண்ட் அதில் தாராளமாக ஓடும். ஒரு நிபந்தனை: ரம்மை, அதாவது மெஷினின் நினைவகத்தை, ஒற்றைத் துண்டாகப் போடாமல் இரண்டு துண்டாகப் போடுங்கள். 16 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 8. உள்கிராபிக்ஸ் ரம்மிலிருந்துதான் நினைவகம் எடுக்கிறது. ஒற்றைத் துண்டு போட்டால் நினைவக வேகம் பாதியாக விழும். அடுத்த வருசம் காசு சேர்ந்ததும் கார்ட்டைப் பூட்டலாம்.

இன்டெலில் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அதில் உள்கிராபிக்ஸ் இல்லை. கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

கடையில ‘4 ஜிபி கேமிங் கார்ட்’ மலிவாக் கிடக்கு. எடுக்கலாமா?

பெட்டியில் ஜிடி 730 என்றோ ஜிடி 710 என்றோ இருந்தால் வேண்டாம். ஜிடி 730 வந்தது 2014இல். மொனிட்டருக்குப் படம் காட்டுவதற்கான கார்ட் அது. பெட்டியில் டிராகன் படம் இருந்தாலும் அதன் சிப் மாறாது. சின்ன வாட்டர் பம்புக்குப் பெரிய தாங்கி கட்டினால் தண்ணீர் கூடுதலாக வராதது போல, பலமில்லாத சிப்புக்குப் பக்கத்தில் 4 ஜிபி வைத்தாலும் கேம் ஓடாது. மேலே சொன்ன 5600ஜியின் உள்கிராபிக்ஸ் இதைவிடக் கெதியானது.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதையும் கவனியுங்கள். ஜிடி 1030இல் கெதியான ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு ஒன்று, சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு ஒன்று. இரண்டாவதன் நினைவக வேகம் முதலாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. ஆர்டிஎக்ஸ் 3050இலும் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு இருக்கின்றன. 6 ஜிபி கார்ட்டில் நினைவகம் மட்டும் குறையவில்லை, சிப்பும் குறைந்தது. ஆர்எக்ஸ் 580 என்று விற்கிற பலவற்றில் ‘2048எஸ்பி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அது உண்மையான 580 அல்ல. அதன் சிப்பில் கணக்குப் போடுகிற சின்னச் சின்னக் கருக்கள் 2304 இருக்க வேண்டிய இடத்தில் 2048தான். கடைக்காரர் பெயரை மட்டும் சொன்னால், முழு மொடல் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் காசு.

கார்ட்டில 8 ஜிபி நினைவகம் காணுமா?

1080 திரைக்கு, அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்து விளையாட ஆயத்தமென்றால் இன்றைக்குக் காணும். ஐந்து வருசத்துக்கு மாற்ற வசதியில்லை என்று நினைத்து வாங்குகிறவருக்குக் காணாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் நிலைமை இரண்டாவதுதான்.

நினைவகம் நிறைந்துவிட்டால் கார்ட் மதர்போர்ட் வழியாக ரம்மைத் தேடிப் போகும். அந்த வழி மிக மெதுவானது. அதனால் சராசரி வேகம் நல்லாகத் தெரிந்தாலும், ஓடிக்கொண்டிருக்கிற படம் இடையிடையே விக்கும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 எல்லாம் மதர்போர்ட்டோடு வழக்கமான பதினாறு லேனில் (தரவு போகிற பாதை) இல்லாமல் எட்டு லேனில்தான் பேசுகின்றன. கார்ட் ஸ்லொட் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 வகையாக உள்ள மதர்போர்ட்டில் பூட்டினால் விக்கல் இன்னும் கூடும்.

சரி, பெயரைச் சொல்லுங்கோ. இப்ப எதை எடுக்கலாம்?

புதுக் கார்ட்டுகளில், 1080 திரைக்கு (ஆர்டிஎக்ஸ் என்பது என்விடியாவினது, ஆர்எக்ஸ் என்பது ஏஎம்டியினது):

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 2025 ஜூனில் 349 டொலருக்கு வந்தது, 160 வாட். நீண்ட காலம் வைத்திருக்க நினைக்கிறவருக்கு என் முதல் தெரிவு இதுதான். 1440 மொனிட்டருக்கு மாறினாலும் தாங்கும். இதிலேயே 8 ஜிபி ஒன்றும் இருக்கிறது, மாறி எடுத்துவிட வேண்டாம்.

ஆர்டிஎக்ஸ் 5060. 2025 மேயில் 299 டொலருக்கு வந்தது, 8 ஜிபி, 145 வாட். கெதியானது. டிஎல்எஸ்எஸ் என்ற வசதியின் படத் தெளிவு உண்மையிலேயே நல்லது. சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வேலை அது. எனக்கு மனக்குறை அந்த 8 ஜிபிதான்.

இன்டெல் ஆர்க் பி580. 2024 டிசம்பரில் 249 டொலருக்கு வந்தது, 12 ஜிபி, 190 வாட். விலைக்கு நல்ல கார்ட். ஆனால் ‘ரீசைசபிள் பார்’ (கார்ட்டின் நினைவகம் முழுவதையும் புரொசெசர் ஒரேயடியாக எட்டுகிற வசதி) உள்ள புதிய மதர்போர்ட்டில் மட்டும் பூட்டுங்கள். அது இல்லாத பழைய மெஷினில் வேகம் படுத்துவிடும்.

இதற்குக் கீழே என்றால் ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, ஆர்எக்ஸ் 6600. 4060க்கு 115 வாட் போதும். யூபிஎஸ்ஸிலும் வெக்கையிலும் அவதிப்படுகிற வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

டொலர் விலையை ஏன் எழுதினேன் என்றால், கடைக்காரர் சொல்லுகிற விலை நியாயமா என்று நீங்களே பார்க்க. அன்றைய டொலர் விலையால் பெருக்குங்கள். 18 வீத வற் வரியைச் சேருங்கள். கப்பல் செலவும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேலே. அதைவிட எங்கேயோ போய்விட்டால் அடுத்த கடையிலும் கேளுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடைக்குப் போன் எடுத்து விலை கேட்டுவிட்டு, பிறகு ஊர்க்கடையில் பேசுங்கள். வித்தியாசம் சில ஆயிரம் ரூபாதான் என்றால் ஊர்க்கடையிலேயே எடுங்கள். பிரச்சினை வந்தால் கையில் கொண்டுபோய்க் கொடுக்க முகம் தெரிந்த ஓராள் இருப்பார்.

விலை இறங்கும்வரை பொறுக்கட்டோ?

2025 கடைசியிலிருந்து ஏஐ நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ரம் விலை உலகம் முழுக்க ஏறியிருக்கிறது. கார்ட்டிலும் அதே கம்பனிகளின் நினைவகம்தான். தேவை இருந்து, காசும் இருந்தால் பொறுப்பதில் பெரிய பயன் தெரியவில்லை.

கேசிங்கோட வந்த 500 வாட் பவர் சப்ளை இருக்கு. அது காணும்தானே?

அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்றிருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழே உள்ள சின்ன அட்டவணையைப் பாருங்கள். +12வி என்ற நிரலில் ஒரு அம்பியர் இலக்கம் இருக்கும். கார்ட்டும் புரொசெசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். அதில் 16 அம்பியர் என்றிருந்தால் 12 × 16 = 192 வாட். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115, ஐ5 12400எஃப் முழு வேகத்தில் 117, இரண்டும் சேர்ந்தால் 232. 500 என்று எழுதிய பெட்டி இந்தச் சின்னச் சோடியையே தாங்காது. கேம் நடுவில் மெஷின் நின்று நின்று எழும்பும். பவர் சப்ளை எரிகிற அன்றைக்குக் கார்ட்டையும் மதர்போர்ட்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம்.

அதே ஸ்டிக்கரில் இன்புட் என்ற வரியையும் வாசியுங்கள். ‘100–240வி’ என்றிருப்பதைத் தேடி எடுங்கள். 230 என்று மட்டும் போட்டது பின்னேரம் ஊரே லைட்டும் டிவியும் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் தள்ளாடும். அகலமான இன்புட் உள்ளது 180க்கு இறங்கினாலும் அசையாமல் ஓடும்.

பெயருள்ள கம்பனியின் 550 அல்லது 650 வாட், ‘80 பிளஸ் புரொன்ஸ்’ என்ற மின்சிக்கனத் தரச்சான்று உள்ளது. மேலே சொன்ன எல்லாக் கார்ட்டுக்கும் இது காணும். கார்ட்டில் ஒரு படி கீழே இறங்கியாவது இதை நல்லதாக வாங்குங்கள். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

யூபிஎஸ் எந்த அளவு வேணும்?

650 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360, 390 வாட்தான் தாங்கும். 4060 மெஷினும் மொனிட்டரும் அதற்குள் மட்டுமட்டாக அடங்கும். கரண்ட் போனால் சேவ் பண்ணி நிற்பாட்ட இரண்டு மூன்று நிமிசம் கிடைக்கும், தொடர்ந்து விளையாட அல்ல. அதைவிடப் பெரிய கார்ட் என்றால் 1000 விஏக்குப் போங்கள்.

யூபிஎஸ் இடியைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிற்பாட்டுவது காணாது. ப்ளக்கையே இழுத்துவிடுங்கள். ரவுட்டரிலிருந்து வயர் வந்தால் அதையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும். வீட்டுக்கு எர்த் சரியாக அடித்திருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு பார்ப்பித்துவிடுங்கள். கேசிங்கில் கை வைத்தால் சுரீரென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

தகர வீடு, நல்ல வெக்கை. கார்ட் எரிஞ்சு போகுமோ?

எரியாது. சூடு கூடினால் கார்ட் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஃபானும், சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டும் கெதியாகத் தேயும், சத்தமும் கூடும். அறை 35 பாகையில் இருக்கிறபோது கார்ட் 80 பாகைக்குள் நின்றால் பயமில்லை.

எல்லாரும் செய்யக்கூடிய, ஒரு சதமும் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ் என்றால் கேமிலேயோ டிரைவரிலேயோ (கார்ட்டை இயக்குகிற மென்பொருள்) படவேகத்தை 60க்குக் கட்டிவிடுங்கள். வலரண்ட் போன்ற கேமில் கார்ட் சும்மா 200, 300 படம் வரைந்து தள்ளிக்கொண்டிருக்கும். கட்டிவிட்டால் வாட் விழும், சூடு விழும், சத்தம் அடங்கும். கரண்ட் பில்லும் இறங்கும். மெஷின் முழுதாக 250 வாட் இழுத்து நாளுக்கு நாலு மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகு, மாதத்துக்கு 30 அலகு. அலகு கூடக்கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறுகிற பில் எங்களுடையது. அம்மா பில்லைப் பார்த்து ஏசினால் அதில் நியாயம் உண்டு.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் செம்மண் தூசி யன்னலால் வந்து கார்ட்டின் தகட்டிடுக்கில் கம்பளி போலப் படியும். கேசிங்கை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். முன்பக்கம் வலைத்துளையுள்ள, வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் உள்ள கேசிங்காக எடுங்கள். மாதமொருமுறை ஊதித் துடைக்கும்போது கார்ட்டின் ஃபானை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பெயரிங் போய்விடும்.

பாவிச்ச கார்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணால் பார்த்து, ஓட்டிப் பார்த்து. 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் (கார்ட்டுகளை இரவு பகலாக ஓட்டி டிஜிட்டல் நாணயம் உழைப்பது) நின்றதும் உலகமெங்கும் மைனிங் கார்ட்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடினது என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை. எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

மெஷினில் பூட்டியபடி காட்டுவார்கள். கழற்றிக் கையில் தரச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, ஸ்லொட்டுக்குள் போகிற தங்க நிறப் பல்வரிசையைப் பாருங்கள். கறுத்த புள்ளி, கருகல் இருக்கக்கூடாது. பின்பக்கத்து ஸ்குரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேஸ்ட் மாற்றத் திறந்தாரா, பழுது பார்க்கத் திறந்தாரா என்று கேளுங்கள். சிப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு போலத் தெரிந்தால், சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டுகள் (பாட்) சூட்டில் கசிந்தது அது. ஒவ்வொரு ஃபானையும் விரலால் தட்டிச் சுற்றிவிடுங்கள். கரகரக்காமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பாருங்கள், எரிந்த மணம் லேசில் போகாது.

பிறகு பூட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்கிற போலிகள் உண்டு. ஜிடிஎக்ஸ் 1050டிஐ என்ற பெயரில் வந்த பல போலிகளுக்குள் 2010, 2011 காலத்துச் சிப்புகள் இருந்தன. ஜிபியு-இசட் அவற்றைப் போலி என்று பெயருக்கு முன்னால் காட்டிவிடும். கார்ட்டை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கிற ஃபர்மார்க் என்ற மென்பொருளை ஒரு கால் மணித்தியாலம் ஓடவிடுங்கள். திரையில் நிறப் புள்ளியோ கோடோ வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். இவ்வளவுக்கும் விற்கிறவர் மனம் கோணினால் அந்தக் கார்ட் உங்களுக்கு வேண்டாம்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இனிப் பாவித்த விலைக்கும் எடுக்க வேண்டாம். புதுக் கேம்களுக்கான டிரைவர் அதற்கு 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டது. 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே ட்ரேசிங் (ஒளி போகிற வழியைக் கணக்கிட்டு வரைகிற வசதி) இல்லாத கார்ட்டில் தொடங்கவே மாட்டாது.

பழைய ஒபிஸ் மெஷின் ஒண்டு இருக்கு, சின்ன டெல். அதுக்குக் கார்ட் போடலாமா?

ஒடுங்கிய கேசிங் என்றால் அரை உயரக் கார்ட் மட்டும்தான் போகும். பவர் வயர் தனியாக இருக்காது. ஸ்லொட்டிலிருந்து வருகிற 75 வாட்டுக்குள் ஓட வேண்டும். இதற்கு ஏற்றது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் அரை உயர வகை, 70 வாட். அல்லது பழைய ஜிடிஎக்ஸ் 1650. பெரிய பவர் சப்ளை வாங்கிப் போடலாம் என்று நினைத்தால், டெல்லின் பல மதர்போர்ட்டுகளில் வழக்கமான 24 பின் ப்ளக் கிடையாது.

வாங்குமுன் இன்னொன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11இல் வலரண்ட் ஓட மெஷினில் ‘டிபிஎம் 2.0’, ‘செக்கியூர் பூட்’ என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். அவை இல்லாவிட்டால் எந்தக் கார்ட் போட்டாலும் விண்டோஸ் 11இல் வலரண்ட் ஓடாது.

கனடாவில இருக்கிற மாமா வாங்கி அனுப்புறன் எண்டவர். விடலாமோ?

கார்ட் மட்டும் என்றால் நல்லது. அங்கே 120 வோல்ட், இங்கே 230 என்ற கவலை கார்ட்டுக்கு இல்லை, அது பவர் சப்ளையின் 12 வோல்ட்டில் ஓடுவது. ஆள் வரும்போது பெட்டியோடு கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், ரசீதும் கூடவே. ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதானால் திரும்ப அங்கேதான் அனுப்ப வேண்டும். மாமாவிடம் மொடலைச் சரியாக எழுதி அனுப்புங்கள். ‘நல்ல கார்ட் ஒண்டு’ என்று சொல்லிவிட்டால் கடைக்காரன் காட்டுகிறதை அவர் வாங்கி வருவார்.

கொழும்பில பூட்டின மெஷினை பஸ்ஸில கொண்டு வரலாமா?

கார்ட்டைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். ஏ9இல் பிரச்சினை இல்லை, அதிலிருந்து உள்ளே இறங்குகிற பாதைகளில் குலுக்கலுக்குக் கனமான கார்ட் ஸ்லொட்டையே பிய்த்துவிடும். கூரியரில் போடுகிறதென்றாலும் இதையே கடையில் சொல்லி எழுதி வாங்குங்கள்.

புதுக் கார்ட் போட்டால் பிங் குறையுமா?

குறையாது. வலரண்டில் நீங்கள் போய்ச் சேருவது மும்பை அல்லது சிங்கப்பூர் சேர்வருக்கு. பிங் என்பது அங்கே போய்த் திரும்ப எடுக்கிற நேரம், அதைத் தீர்மானிப்பது அந்தத் தூரமும் உங்கள் சிக்னலும்தான். 4ஜி ரவுட்டரை யன்னலடியில் வைத்து, மெஷினுக்கு வயரால் இணைத்துப் பாருங்கள்.

கலியாண வீடியோ எடிட் பண்ணவும் வேணும். என்விடியாவா, ஏஎம்டியா?

அப்படியென்றால் என்விடியா. பிளெண்டர், டாவின்சி ரிசோல்வ் போன்றவை அதில் சிக்கலில்லாமல் ஓடும். தொழிலுக்கு என்றால் 8 ஜிபியில் நிற்காமல் ஆர்டிஎக்ஸ் 5060டிஐ 16 ஜிபிக்குப் போங்கள், உழைத்துத் தந்துவிடும். விளையாட மட்டும் என்றால் நான் மேலே சொன்ன ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி.

எல்லாம் பூட்டியாச்சு, ஃபான் சுத்துது, திரையில ஒண்டும் இல்லை.

மொனிட்டர் வயர் எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். மேலே, யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்ட்டின் எச்டிஎம்ஐ. கீழே, படுக்கையாக இருப்பதுதான் கார்ட்டினது. வயர் கீழே இருக்க வேண்டும். படம் வந்தும் கேம் மட்டும் இழுபடுகிறது என்றாலும் முதலில் இதையே பாருங்கள், உள்கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். வயர் சரியென்றால், கார்ட்டின் முதுகில் 8 பின் பவர் வயர் கிளிக் என்று சத்தம் கேட்குமட்டும் போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அதுவும் சரியென்றால் கார்ட்டைக் கழற்றி, ஸ்லொட்டின் நுனியில் உள்ள கொளுக்கி பூட்டுமட்டும் நேராக அமர்த்துங்கள். அதற்கும் வராவிட்டால் ரம் துண்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் இருட்டென்றால் வேறொன்றையும் நோண்டாமல், ஸ்டிக்கர் கிழியாமல், ரசீதோடு வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள்.